மாட்டியவர் மட்டுமே கழற்றலாம்

“இருபத்தாறு வருஷமா ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் மாடி ஏத்தி இறக்கிட்டு இருக்கேன். என் வீட்டுல, என் சொந்தக் கம்ப்யூட்டரை ரெண்டு படி மேலே ஏத்த எனக்கு உரிமை இல்லையா? ஒரு டேபிள் ஃபேனுக்குக்கூட நான் கெஞ்சணுமா?”

ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பல் தேய்த்த நுரை வாயோரம் காய்வதற்குள், என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டது. ஃபேனின் கழுத்து அவர் கையில். பிளக் என் கையில்.

“அது அடுப்படி ஃபேன்ங்க.”

“மெமரி கொதிக்குது.”

“நானும்தான் கொதிக்கிறேன்.”

“உனக்கு வியர்க்கும், ஆறிடுவே. அதுக்கு வியர்க்காது. அறிவியல் தெரியாமப் பேசாதே.”

ஃபேன் போயிற்று. அன்றைக்குச் சமையலில் உப்பு கூடியிருந்தால் அது என் வியர்வை. அறிவியல்.

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பத்துப் பேர் ஏறும் லிஃப்டில் பதினோராவது ஆள் கால் வைத்தால் முகம் சிவந்துவிடும். “அதோட அளவு என்னவோ அதுலதான் ஓடணும்!” என்று நாலு பேர் நடுவில் சத்தம் போடுவார். நான் அவரைத் தெரியாதவள் போல மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கொள்கையையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

எங்கள் கம்ப்யூட்டர், மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் வாங்கியது. மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் வளர்ந்தாள். அது வளரவில்லை. ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு அறையைப் பெருக்கிவிட்டு வந்தால் திரை வந்திருக்கும். தொண்ணூற்று நான்கு செகண்ட். நான் குறை சொன்னதில்லை. எனக்கும் நாற்பத்தேழு வயது. உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கும் அவ்வளவு நேரம் ஆகிறது.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். “கொஞ்சம் மெதுவாத்தான் வருது, இல்லை?” அவ்வளவுதான்.

அதைச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. பள்ளிப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தே பிழை திருத்த ஆள் தேடியது. நான் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே ஒரு காற்புள்ளி தவறினால் முட்டி போட வேண்டும். அதனால் பிழையைக் கண்டால் என் கை தானாகச் சிவப்பு பென்சிலைத் தேடும். என் கல்யாணப் பத்திரிகையிலேயே மூன்று பிழை கண்டுபிடித்தவள் நான். நான்காவது பிழை மணமேடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இருபது வருஷமாக நான் எழுதிய விண்ணப்பமெல்லாம் மகளுக்கு லீவு லெட்டர். இது ஒன்றுதான் எனக்காக எழுதியது. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டேன். இரண்டாவது சுற்று, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தொண்ணூறு நிமிஷத் தேர்வு. எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிறோமோ அதே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். நடுவில் நின்றுபோனால் தேர்வும் நின்றுபோகும். மறுபடி எழுத அடுத்த வருஷம்தான்.

இதைக் கேட்ட அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று சபதம் செய்தார்.

“மூணே வாரம். பதிமூணு வயசு மெஷினை ராக்கெட் ஆக்கி உன் கையில தர்றேன்.”

“எனக்கு ராக்கெட் வேண்டாங்க. நாற்காலி மாதிரி இருந்தாப் போதும். உட்கார்ந்தா சாயாம இருக்கணும்.”

“உனக்காகத்தான் செய்யறேன்!”

இருபத்து மூன்று வருஷத்தில் எனக்காக அவர் செய்த எதுவும் எனக்கு வேண்டியதாக இருந்ததில்லை. இருந்தாலும் கேட்டேன், என்னதான் செய்யப் போகிறீர்கள் என்று. சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மூளை இருக்கில்ல, அது மெமரிகிட்ட ஒண்ணு கேட்கும். மெமரி உடனே தராது. ஒன்பது தாளம் எண்ணிட்டுத்தான் தரும். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, இருபத்துநாலுன்னு ஒரு கணக்கு. செஞ்சவன் பயந்தாங்கொள்ளி, அப்படி வெச்சுட்டான். நான் அதை எட்டாக்குவேன். அப்புறம் ஏழு.”

“அதாவது, நீங்க தண்ணி கேட்டா நான் ஒன்பது எண்ணறதுக்குள்ள கொண்டு வர்றேன். இனிமே ஏழு எண்ணறதுக்குள்ள வந்தாகணும்.”

“அதேதான்! டக்குன்னு புரிஞ்சுக்கறே பாரு!”

“ஓடி வரும்போது தடுக்கி விழுந்தா?”

“அதுக்குத்தான் டெஸ்ட் இருக்கு.”

அந்த டெஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை எண்ணைக் குறைத்த பிறகும் மெமரி சரியாகச் சொல்கிறதா, உளறுகிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை. ஏழு எட்டு மணி நேரம் ஓடும். திரை முழுக்க எண்கள். உளறினால் சிவப்பு வரி வரும். சிவப்பு வந்தால் அவருக்குத் துக்கம், வராவிட்டால் எனக்கு. வராவிட்டால் இன்னும் ஒரு எண் குறைப்பார்.

எட்டுக்கு இறக்கியதும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. நீளமாக மூன்று பீப். அப்படி ஆனால் வைத்தியம் ஒன்றுதான். மின்சார வயரைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் கழித்து மாட்ட வேண்டும். கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கமெல்லாம் மறந்து, பழைய ஒன்பதுக்குப் போய்விடும். கூடவே தேதியும் மறந்துவிடும். அவர் பேட்டரியைக் கழற்றுவார். நான் தேதி போடுவேன். மூன்று வாரத்தில் பதினொரு தடவை. சிரிக்காதீர்கள், இந்த விஷயம் பின்னால் எனக்கு உதவியது.

பிறகு மின்சார அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். எட்டில் நின்றது. ஆனால் காலையில் குளிர்ந்து கிடந்தால் எழாது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் முடி உலர்த்தும் மெஷினை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு உள்ளே சூடு காட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஈரத்தலையோடு நிற்கிறேன்.

“காலையில சூடு காட்டணும், மதியம் ஃபேன் போடணும். கைக்குழந்தைக்குக்கூட நீங்க இவ்வளவு பண்ணலையேங்க.”

“குழந்தை தானா அழும். இது சொல்லாது. நாமதான் பார்த்துக்கணும்.”

மகள் அறையிலிருந்து குரல் கொடுத்தாள். “நான் அழுதப்பவும் நீங்க வரலைப்பா. அம்மாதான் வந்தாங்க.”

இத்தனைக்கும் பலன் என்ன தெரியுமா? தொண்ணூற்று நான்கு செகண்டில் வந்த திரை தொண்ணூற்று இரண்டரையில் வந்தது. லிஃப்ட் பதிவேடு போலக் கோடு போட்ட நோட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

“ஒன்றரை செகண்ட்!”

“மிச்சமான அந்த ஒன்றரை செகண்டை எங்கே வெச்சிருக்கீங்க? பீரோவுலயா?”

அடுத்த நாள் நான் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். நாற்பது பக்கம். அறுபத்தெட்டுப் பிழை பிடித்துவிட்டேன். அறுபத்தொன்பதாவதன் மேல் விரலை வைத்தேன். திரை நீலமானது. பிறகு கறுப்பானது. நாற்பது பக்கமும் போயிற்று. என் சத்தம் கேட்டு ஓடி வந்தவர் பதிவேட்டோடு ஓடி வந்தார்.

“சரியா எந்த நிமிஷத்துல விழுந்தது? சொல்லு சொல்லு, குறிச்சுக்கறேன்.”

நான் சொன்னதை அவர் குறிக்கவில்லை. குறிக்கும்படி நான் சொல்லவும் இல்லை.

கம்ப்யூட்டரைத் தொட முடியாதபடி என்னைக் கட்டிப்போட்டது இது எதுவும் இல்லை. ஒரு சிவப்பு அட்டை.

லிஃப்டுக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். உள்ளங்கை அகலம், மேலே ஓட்டை, ஓட்டையில் நூல். ‘ஆள் வேலை செய்கிறார். இயக்காதீர்கள். மாட்டியவர் மட்டுமே கழற்றலாம்’ என்று அச்சடித்திருக்கும். கீழே பெயர், நேரம், காரணம். வேலை தொடங்கும்போது ஸ்விட்சில் மாட்டுவார்கள். மாட்டியவர் தன் கையால் கழற்றும்வரை அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருவன், “சும்மா தொங்குது” என்று வேறொருத்தர் அட்டையைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். உள்ளே இருந்தவருக்கு இரண்டு விரல் போயிற்று. அந்த விரல்காரர் எங்கள் கல்யாணத்துக்கு வந்து மூன்று விரலால் என் வீட்டுக்காரரின் கையைக் குலுக்கினார். நான் பார்த்தேன். அதனால் மற்ற எதைக் கேலி செய்தாலும் இதை மட்டும் நான் கேலி செய்வதில்லை.

ஆனால் டெஸ்ட் ஓடும்போதெல்லாம் அதைக் கம்ப்யூட்டர் ஸ்விட்சில் மாட்ட ஆரம்பித்தார். நான் எப்போது உட்காரப் போனாலும் சிவப்பு அட்டை தொங்கும். அவர் ஆபீசில் இருப்பார்.

“உள்ளே ஆள் இல்லையேங்க,” என்று போனில் கேட்டேன்.

“ஆள் இல்லைன்னா? வேலை நடக்குதில்ல? மேனேஜரா இருந்தாலும், மந்திரியா இருந்தாலும், மாட்டினவன்தான் கழற்றணும்.”

“பொண்டாட்டியா இருந்தா?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு.”

இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. தேர்வுக்கு இடையில் ஒரே நாள். எதிர்வீட்டு டெய்லரம்மா லிஃப்டை விட்டு இறங்கி, ஒரு பை துணியோடு நின்றாள். எங்கள் வீடு ஐந்தாவது மாடி.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட நாலு மாசமா சொல்றேன், லிஃப்ட் கதவு கீச்சுகீச்சுன்னு கத்துதுன்னு. ‘எழுதிக் குடுங்க, எழுதிக் குடுங்க’ங்கறார். நான் துணி தைக்கிறவளா, மனு எழுதறவளா?”

“எழுதிக் குடுத்தா?”

“அரை மணி நேரத்துல வந்தாகணுமாமே. அவங்க கம்பெனிச் சட்டமாம். லீவுல இருந்தாக்கூட, கட்டடத்துக்குள்ள இருந்தா வந்தாகணுமாம். அவரே பெருமையாச் சொன்னார். அந்த ஒன்பது நாள் மாதிரி இன்னொரு சட்டம்!”

அந்த ஒன்பது நாளை எங்கள் கட்டடத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு மெக்கானிக் எங்கள் லிஃப்டில் அட்டையை மாட்டிவிட்டுக் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டான். இரண்டாம் நாளே வேலை முடிந்துவிட்டது. அட்டை மட்டும் தொங்கியது. கம்பெனி மேனேஜரே வந்து கழற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். “மாட்டினவன் வரட்டும் சார்.” டெய்லரம்மா தையல் மெஷின் தலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினாள். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை புதுப் பெண்டாட்டியோடு வந்து, அவளுக்கு வேடிக்கை காட்டுவது போல நூலை அவிழ்த்தான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

டெய்லரம்மா பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குக் காது கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஏற்கெனவே கேட்டுவிட்டது.

“மனுவை நான் எழுதித் தர்றேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. ஆனா நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் குடுக்கணும்.”

“ஏன் ரெண்டு மணி?”

“நாளைக்கு அவர் அரை நாள் லீவு. அப்போதான் அவருக்கு ஏழு ஓடிக்கிட்டிருக்கும்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்பது நாள் ஏறிய கால்கள், கேள்வி கேட்காமல் சம்மதித்தன.

அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய கருவிப் பையைத் திறந்தேன். வெற்று அட்டை ஆறு இருந்தது. ஆறையும் எடுத்தேன். ஐந்தை அரிசி டப்பாவின் அடியில் புதைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவர் கை அந்த டப்பாவுக்குள் போனதில்லை. ஆறாவது அட்டை என் இடுப்பில்.

புதன்கிழமை அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கடைசி முயற்சி. ஏழு, ஏழு, ஏழு, இருபது. மூன்று தடவை பீப் அடித்துப் படுத்தது. நான்காவது தடவை அழுத்தத்தை இன்னும் ஒரு துளி கூட்டினார். எழுந்தது. டெஸ்டை ஓடவிட்டு, மேஜையிலேயே கிடந்த தன் பழைய அட்டையில் நேரத்தை மட்டும் மாற்றி எழுதி மாட்டிவிட்டு, சாப்பிட வந்தார்.

“நாளைக்குக் காலையில ஒன்பதே முக்காலுக்கு அட்டையை எடுத்துத் தர்றேன். ஏழோட உட்கார்ந்து எழுதப் போறே. இந்தத் தெருவிலேயே ஏழு வெச்சிருக்கறது நாமதான்.”

“நடுவுல விழுந்துதுன்னா அடுத்த வருஷம்தாங்க எனக்கு.”

“விழாது.”

“போன வாரம் விழுந்துது.”

“அது எட்டு!”

எட்டே விழுந்தால் ஏழு எப்படி விழாது என்று கேட்க வாயெடுத்தேன். சரியாக இரண்டு மணி. அழைப்பு மணி அடித்தது.

டெய்லரம்மா வாசலில் நிமிர்ந்து நின்றாள். கையில் உறை. என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

“அடேயப்பா. என்ன சுத்தமா எழுதியிருக்காங்க! நாள், நேரம், எந்தக் கதவு, எத்தனை தடவை சத்தம்னு எல்லாம் இருக்கு. ஒரு பிழை இல்லை. எங்க ஆபீஸ்ல மாதிரிக்கு மாட்டி வைக்கலாம்.” என்னிடம் திரும்பினார். “பாரு. இப்படி எழுதணும்.”

“ஆமாங்க,” என்றேன்.

இருபத்து மூன்று வருஷம் என் கையெழுத்தில் மளிகைப் பட்டியல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனவர்.

கருவிப் பையை எடுத்தார். திறந்தார். துழாவினார். தரையில் கொட்டினார்.

“என் அட்டையெல்லாம் எங்கே?”

“எத்தனை வெச்சிருந்தீங்க?”

“அஞ்சாறு இருந்துதே!”

“எண்ணி வெச்சா தெரியும்.”

டெய்லரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இல்லேன்னா உங்க தலைமை ஆபீசுக்கு ஒரு மனு போடணும்னு அடியிலேயே எழுதியிருக்கு.”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன் ஸ்விட்சில் தொங்கிய தன் அட்டையைப் பார்த்தார். அட்டை இல்லாமல் லிஃப்டில் கை வைக்க மாட்டார். உயிரே போனாலும் மாட்டார். அட்டையை எடுத்துவிட்டு டெஸ்டை மட்டும் ஓடவிடவும் மாட்டார், அட்டை இல்லாத இடத்தில் வேலை நடக்கக் கூடாது. மனிதரின் முகத்தில் இரண்டு சட்டங்கள் சண்டை போட்டன. எனக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் டெஸ்ட் திரையைப் பார்த்தேன், பாவம் போய்விட்டது.

“அரை மணி நேரமா ஒரு சிவப்பு வரி இல்லை…” என்று முனகிக்கொண்டே தன் கையால் கம்ப்யூட்டரை அணைத்தார். தன் கையால் நூலை அவிழ்த்தார். அட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். “பத்தே நிமிஷம். யாரும் தொடாதீங்க!”

பின்னாலேயே டெய்லரம்மாவும் இறங்கினாள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு அது பழக்கமில்லை. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

வயரைப் பிடுங்கினேன். பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். ஐந்து நிமிஷம். அதற்குள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைத் தேடி, மூன்று வாரத் தூசியைத் துடைத்தேன். அடுப்படி ஃபேனை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். பேட்டரியை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். எழுந்தது. பதிமூன்று வருஷப் பழக்கத்தில், பயந்தாங்கொள்ளி ஒன்பதில், அலுங்காமல் எழுந்தது. தேதி போட்டேன். பன்னிரண்டாவது தடவை. அணைத்தேன். தகட்டை மூடி நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். இடுப்பிலிருந்து அட்டையை எடுத்தேன். பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘என் வேலை’ என்று எழுதினேன். ஸ்விட்சில் மாட்டி, நூலை இரட்டை முடிச்சுப் போட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது விரலில் எண்ணெய். முகத்தில் வெற்றி. “ரெண்டு சொட்டுதான். சத்தம் போயிடுச்சு,” என்றார். பிறகு பார்த்தார்.

முதலில் சிரித்தார். பிறகு அட்டையில் என் பெயரைப் படித்தார். சிரிப்பு நின்றது.

“என்னம்மா இது?”

“அட்டை.”

“தெரியுது. யார் மாட்டினது?”

“எழுதியிருக்கே.”

“விளையாடாதே. கழற்று.”

“வேலை முடியலைங்க.”

“நீ எங்க கம்பெனி ஆள் கிடையாது!”

“அட்டையில கம்பெனின்னு எங்கே போட்டிருக்கு? ‘மாட்டியவர்’னு போட்டிருக்கு. மாட்டியது நான்.”

“இது என் பையிலிருந்த அட்டை! அப்போ பையில அட்டை இல்லாமப் போனது…” வாய் மட்டும் திறந்திருந்தது. ஐந்தாவது மாடியில் கதவு திறந்து, லிஃப்ட் வராமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

கை நூல்வரைக்கும் போனது. ஒரு விரல் முடிச்சைத் தொட்டது. அப்படியே நின்றது. அந்தக் கை முடிச்சை அவிழ்த்திருந்தால், நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கையை எடுத்துக்கொண்டார்.

“பாப்பா!” என்று மகளைக் கூப்பிட்டார். “உங்கம்மாகிட்ட சொல்லு. ஏழுல நிக்குது. முழுசா டெஸ்ட் பண்ணலை. நாளைக்கு நடுவுல விழுந்துட்டா அவ வேலைதான் போகும். கழற்றச் சொல்லு, எட்டுக்கு இறக்கித் தர்றேன். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மகள் அறை வாசலில் சாய்ந்துகொண்டு, சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டை ஒப்பித்தாள். “மேனேஜரா இருந்தாலும், மந்திரியா இருந்தாலும்…”

“நீ சும்மா இரு!”

“நீங்கதானே கூப்பிட்டீங்க?”

“சரி,” என்று என் பக்கம் இறங்கி வந்தார். “ஒன்பதுக்கே இறக்கிடறேன். பழைய மாதிரியே. சத்தியமா. எனக்கு வேகம் வேண்டாம். உனக்கு வேலை கிடைச்சாப் போதும்.”

இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, எனக்காக, எனக்கு வேண்டியதைச் செய்ய முன்வந்தார். அது ஏற்கெனவே செய்தாகிவிட்டது. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் தெம்பாகிவிடுவார். தெம்பானால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்.

“ஏழோடயே எழுதறேங்க,” என்றேன்.

வியாழக்கிழமை அவர் லீவு. ஒன்பதே முக்காலுக்கு நான் முடிச்சை அவிழ்த்து, அட்டையைத் திரையின் மேல் மூலையில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். அவர் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்றார். பழக்கதோஷம். ஆனால் பதற்றத்தில், நான் ஸ்விட்சைப் போட்டு ஐந்தாறு செகண்ட் கழித்துத்தான் அழுத்தினார். பார்த்தேன், சொல்லவில்லை.

“எண்பத்தெட்டு!” என்று கத்தினார். “ஏழு! ஏழுன்னா ஏழுதான்!” பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

தொண்ணூறு நிமிஷம். இருபத்திரண்டு பக்கம். எழுபத்தேழு பிழை. ஒரு இடத்தில் திரை ஒரு கணம் அசையாமல் நின்றது. பின்னால் “ஐயோ” என்று ஒரு குரல் கேட்டது. பிறகு அது தன் ஒன்பதை எண்ணி முடித்துவிட்டு, பொறுமையாக அடுத்த பக்கத்தைத் தந்தது. எழுபத்தேழாவது பிழையைத் திருத்திவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தித் திரும்பினேன். சுவரோரம் நின்றவர் சட்டை முழுக்க நனைந்திருந்தார். வியர்க்கும், ஆறிவிடுவார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. எனக்கு வேலை. அதைப் படித்ததும் சமையலறைக்குப் போய், ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதற்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். கண் எரிந்தது. காற்று.

அவர் ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். “பதிமூணு வயசு மெஷின். ஏழு, ஏழு, ஏழு, இருபது. தொண்ணூறு நிமிஷம் ஆடாம அசையாம நின்னுது. என் மனைவிக்கு வேலையே அதனாலதான்.” பதிவேட்டில் சிவப்பு மையால் ‘சாதனை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அரிசி டப்பாவில் இருந்த ஐந்து அட்டையையும் துடைத்து அவர் பையிலேயே வைத்துவிட்டேன். ஆறாவது மட்டும் மறுபடி ஸ்விட்சுக்குப் போய்விட்டது. நான் உட்காரும்போது அவிழ்க்கிறேன், எழும்போது மாட்டுகிறேன். வேலை முடியவில்லையே. வேலை என்றால் அது பாட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

முதலில் வாயால் கேட்டுப் பார்த்தார். “எழுதிக் குடுங்க,” என்றேன். அன்றிலிருந்து விசைப்பலகைக்கு அடியில் மனு வைக்கிறார். முதல் ஐந்து மனுவுக்கும் நான் பதில் போடவில்லை, பிழைகளை மட்டும் சிவப்பு பென்சிலால் திருத்தி அதே இடத்தில் வைத்தேன். இது ஆறாவது. இதில் பிழையும் இல்லை. அதனால் பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

‘பெறுநர்: அட்டையை மாட்டியவர், கம்ப்யூட்டர் மேஜை, கூடம். பொருள்: அட்டையைப் பத்து நிமிடம் கழற்றித் தரக் கோருதல். ஏழு வெற்றி பெற்றதைத் தாங்களே அறிவீர்கள். ஆறு மட்டும் ஒரே ஒரு முறை முயன்று பார்க்க அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுப்படி ஃபேன் வேண்டாம். கழற்றிய அட்டையாலேயே மெமரிக்கு விசிறிவிடுகிறேன்.’